தவளை 219

இதில் நான் எழுதப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் தங்கை மேல் சத்தியம், என் இரண்டு கண் மேல் சத்தியம். அதுவும் போதாது என்றால் ஷெட்டில் நிற்கும் ஏழு மொபெட்டுகள் மேலும் சத்தியம். முப்பத்துநாலு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எண் குறித்தவன் நான். ஒரு எண்ணை மாற்றி எழுதினால் எனக்குக் கை கூசும்.

இன்ஸ்பெக்டர் சார், முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் அறையில் மின்விசிறி கிறீச்சிடுகிறதே, அது இறக்கையின் குற்றம் இல்லை. மேலே புஷ் வறண்டிருக்கிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். நேற்று நீங்கள் என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன் அல்லவா, யோசித்துப் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் புஷ்ஷைத்தான் பார்த்தேன்.

எழுத்தர் காவலர், "நீங்க சொல்லுங்க பெரியவரே, நான் எழுதிக்கிறேன்" என்றார். தங்கமான மனுஷர். ஆனால் அவர் எழுதினால் 'இருசக்கர வாகனம்' என்று எழுதுவார். அப்படி எழுதினால் இதில் ஒன்றும் விளங்காது. அதனால்தான் பேப்பரும் பேனாவும் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன்.

மாப்பிள்ளை எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். நாற்பத்தொரு வருஷமாக அவர் என்னை மச்சான் என்பார், நான் அவரை மாப்பிள்ளை என்பேன். ஊருக்கு அவர் பல் டாக்டர். எங்களுக்குள் ஒரு நாளும் குரல் உயர்ந்ததில்லை. இதைத் தங்கையிடமே நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். சுவர்களோடு எவ்வளவுதான் பேசுவது. அப்போதுதான், மீட்டர் பார்த்த காலத்தில் ஒரு வீட்டுப் பின்புறத்தில் பார்த்த பழைய மொபெட் ஞாபகம் வந்தது. போய்க் கேட்டேன். அதன் முன்கூடையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை வண்டியை அசைக்க விடமாட்டேன் என்றார் வீட்டுக்காரர். இருபத்தொரு நாள் காத்திருந்து எடுத்து வந்தேன். தள்ளிக்கொண்டு வரும்போது கோழியும் குஞ்சுகளும் என் வீடுவரை கூடவே நடந்து வந்தன. அந்த வண்டியின் ஹாரனை இன்றைக்கு அடித்தாலும் அந்தத் தெருக் கோழியெல்லாம் வாசலுக்கு வந்து எட்டிப்பார்க்கும். சந்தேகமிருந்தால் ஒரு காவலரை அனுப்பிப் பாருங்கள்.

அந்த வண்டியைப் பிரித்துப்போட்டு முழித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வந்தார். அவரும் அந்த வருஷம்தான் கிளினிக்கை மூடியிருந்தார். பல் நோண்டும் கம்பிகளையெல்லாம் துணிப்பையில் சுருட்டி எடுத்து வந்தார். கார்புரேட்டரில் ஜெட் என்று ஒன்று இருக்கிறது. மயிரிழை நுழையும் ஓட்டை. அதில் அடைப்பு எடுக்க அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கார்புரேட்டரைக் கையில் ஏந்திக்கொண்டு, "கொஞ்சம் கூசும், பொறுத்துக்கங்க" என்பார். பிறகு என்னைப் பார்த்து, "நாப்பது வருஷத்துல எதிர்த்துப் பேசாத முதல் பேஷண்டு மச்சான்" என்பார்.

அதிலிருந்து இருவரும் கூட்டு. தங்கை வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு ஒரு ஷெட் கட்டினோம். ஊர் ஊராகப் போய்ப் பழைய மொபெட் வாங்கிவருவோம். ஒரு வண்டி கிணற்றிலிருந்து வந்தது. பதினோரு வருஷம் தண்ணீருக்குள் கிடந்தது. டேங்கைத் திறந்தால் உள்ளே விரல் நீளத்தில் ஒரு மீன். மீனைப் பக்கெட்டில் விட்டோம், டேங்கை அலசினோம், ஸ்பார்க் பிளக் மாற்றினோம். பெடலை மூன்றாவது மிதி மிதித்ததும் வண்டி கிளம்பிவிட்டது. மீன் அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் இருந்தது.

ஷெட்டுக்கென்று இரண்டு வழக்கங்கள் உண்டு. அவை தெரியாவிட்டால் மற்றது புரியாது.

ஒன்று, நல்ல சாமான் எதையும் தூக்கி எறியக் கூடாது. ஒரு நட்டு கழன்றாலும் பிஸ்கட் டப்பாவில் போட்டு, எந்த வண்டி, எந்த இடம், என்ன நிலை, என்றைக்குக் கழற்றியது என்று துண்டுச்சீட்டு எழுதி உள்ளே வைப்போம். டப்பா மூடியில் எண் இருக்கும். பேனாவால் எழுதினால் எண்ணெயில் அழிந்துபோகிறது என்று, இரும்பில் எண் குத்தும் அச்சு ஒரு செட் வாங்கினேன். நீங்கள் ஷெட்டைச் சோதனை போட்டபோது மரப்பெட்டியில் எடுத்தீர்களே, அதேதான். பூஜ்யம் முதல் ஒன்பது வரை இருக்கும். சுத்தியலால் ஒரு தட்டு, ஒரு எண். டப்பா மூடிகளுக்காக வாங்கியது. ஒன்பதுக்கு மட்டும் வால் லேசாக உடைந்திருக்கும். வாங்கும்போதே அப்படித்தான்.

இரண்டாவது, வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் டேப்பை மூட வேண்டும். பழைய மொபெட்டில் டேப்பை மூடாமல் விட்டால் பெட்ரோல் கசிந்து கசிந்து கார்புரேட்டர் நிரம்பி, மறுநாள் மிதிமிதியென்று மிதித்தாலும் கிளம்பாது. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிற மாதிரி, எங்கள் கை தன்னால் அந்த டேப்புக்குப் போகும். தெருவில் யாரோ ஒருவர் நிறுத்திவிட்டுப்போன மொபெட்டின் டேப்பை நான் மூடி, திருடன் என்று கன்னத்தில் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

இப்போது எண் விஷயம். மொபெட்டின் உடம்பில், அதாவது சேஸில், ஒரு எண் இருக்கும். எஞ்சினில் ஒரு எண் இருக்கும். சில மாடல்களில் தொழிற்சாலையிலேயே இரண்டுக்கும் ஒரே எண்ணைக் குத்தி அனுப்பினார்கள். அப்படிச் சேர்ந்து பிறந்த இரண்டும் பிரியாமல் இருந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு அது முழு வண்டி. கிடைக்காதவர்கள் சிலர் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புது எண் குத்தி ஏமாற்றுவதும் உண்டு. அப்படிப்பட்டவர்களோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து டீகூடக் குடிக்க மாட்டேன்.

தவளை என்று நாங்கள் சொல்லுவது ஒரே ஒரு வருஷம் மட்டும் வந்த மாடல். உருண்டை விளக்கு, உப்பின டேங்க், குந்தி உட்கார்ந்த மாதிரி தோற்றம். மொத்தமே முந்நூறு வண்டிதான் வெளியே வந்தது. பிறகு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நான் வாலிபத்தில் ஒரே ஒரு முறை ஒரு தவளையைப் பார்த்திருக்கிறேன். அதை ஓட்டியவர் என்னைத் தாண்டிப் போனபிறகும் அந்தப் புகை நாலு நாள் என் சட்டையில் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன், இடிந்துகிடந்த ஒரு சலவைக் கடைக்குள்ளிருந்து மாப்பிள்ளை தவளையின் சேஸைக் கண்டுபிடித்தார். எஞ்சின் இல்லை. சக்கரம், டேங்க், விளக்கு எல்லாம் இருந்தன. கழுத்துப் பக்கம் துடைத்துப் பார்த்தால் 219. அன்றைக்கு நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். இல்லாவிட்டால் நானும் கூடப் போயிருப்பேன், நானும்தான் கண்டுபிடித்திருப்பேன். மாப்பிள்ளை ஒரு வார்த்தைக்காவது, "நம்ம வண்டி மச்சான்" என்று சொல்லியிருக்கலாம். "பாருங்க மச்சான், என் வண்டி" என்றார். சந்தோஷத்தில் சொன்னதுதான். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் நான் காயலான் கடைக்குப் போனேன். கடைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். இரும்புக் குவியலுக்கு அடியில் ஒரு எஞ்சின். அந்த வயிற்றைப் பார்த்ததுமே தவளையின் எஞ்சின் என்று தெரிந்துவிட்டது. அதைக் கொண்டுவந்து ஷெட்டில் வைத்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். சாயங்காலம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். 219.

"எங்க மச்சான் புடிச்சீங்க இத?"

"காயலான் கடையில."

"நம்ம 219-ஆ?"

எஞ்சின் வந்த பிறகுதான் அது 'நம்ம' ஆனதைக் கவனியுங்கள்.

அந்த வயதில் அவர் குதித்த குதிக்குத் தகரம் அதிர்ந்தது. "எடுங்க ஸ்பானரை, இன்னைக்கே மாட்டிடலாம்" என்றார். பிறகு, நல்லபடியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, பல் பார்க்கும்போது நெற்றியில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். குனிந்து, ஒரு கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் அந்த எண்ணைப் பார்த்தார். நேரமாகிக்கொண்டே போனது. நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஷெல்ஃபில் அடுக்கியிருந்த பிஸ்கட் டப்பாக்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வயதானால் கண் எங்கெங்கோ போகும்.

"வேணாம் மச்சான்" என்றார். "இந்த எஞ்சின் உங்ககிட்டயே இருக்கட்டும். உங்க கைக்குத்தான் அது நல்லா இருக்கும்."

"அப்ப சேஸைக் குடுங்க. நான் முடிச்சிடறேன்."

"அது மட்டும் கேக்காதீங்க."

"ஏன்?"

என் தோளில் கை வைத்தார். "வெளிய யார்கிட்டயும் இந்த எஞ்சினைக் காட்ட வேணாம். என்ன?" என்றார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மற்றவர்கள் பார்த்தால், எஞ்சின் வைத்திருப்பவனுக்குத்தானே வண்டியும் சேர வேண்டும் என்று நியாயம் பேசுவார்கள் அல்லவா, அந்தப் பயம். அவருடைய கண்ணில் ஏதோ ஒன்று இருந்தது. தங்கை அதைப் பார்த்திருந்தால் பாவம் என்று சொல்லியிருப்பாள். நான் அதைக் கள்ளத்தனம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு நான் எவ்வளவோ இறங்கிப் போனேன். கோழி வண்டியைத் தருகிறேன் என்றேன், மீன் வண்டியைத் தருகிறேன் என்றேன், இரண்டையும் சேர்த்துத் தருகிறேன் என்றேன். "வேற எதுன்னாலும் கேளுங்க மச்சான்" என்பதுதான் பதில். நான் போனதும் தங்கை அவரைத் திட்டுவது கொல்லைவரை கேட்கும். "ரெண்டு பேருக்கும் சேத்து மூளைன்னு ஒண்ணுதான் இருந்துது. அதுக்கும் செயின் அந்து போச்சு. குடுத்துத் தொலைங்களேன், எங்கண்ணன் மூஞ்சிய பாக்க முடியல." அவர் சிரிப்பார். சிரித்துச் சமாளிக்கிற ஆள்.

கடைசியில் அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஆயிரம் வண்டிகளில் கிடக்கிற ஒரு சாதாரண எஞ்சினை எடுத்துத் தவளையின் வயிற்றில் மாட்டினார். அதற்காகச் சேஸில் இரண்டு ஓட்டைகூடப் போட்டார். ஓட்டை போட்ட சத்தம் எனக்கு இன்னும் பல்லில் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் போன்ற ஐந்தாறு பேர் ஷெட்டுக்கு வருவார்கள். தவளையைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். "பல் டாக்டரே தனக்குப் பொய்ப்பல்லு கட்டிக்கிட்டாரு" என்றார் ஒருவர். "அசல் எஞ்சின் கிடைக்கலியா டாக்டர்?" என்றார் இன்னொருவர். நான் ஓரமாக நின்று மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் எஞ்சின் மூன்றடி தள்ளிச் சாக்குக்குள் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "கிடைக்கல. நமக்கு அவ்வளவுதான் கொடுப்பினை" என்றார். கேலியெல்லாம் கேட்டுக்கொண்டு அவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தார். முகத்தில் துளி வெட்கம் இல்லை.

தினமும் காலை ஏழு மணிக்கு அந்தத் தவளையில் ஏறித் தண்ணீர்த் தொட்டிவரை போய்வருவார். வழியில் நீளமான இறக்கம் ஒன்று. அது முடியும் இடத்தில் சாலை இடப்பக்கம் திரும்பும். திருப்பத்தில் கல்லால் கட்டிய கைப்பிடிச் சுவர். முன் பிரேக் அவருக்கு இல்லை. அசல் கேபிள் கிடைக்கும்வரை வேறு கேபிள் போட மாட்டேன் என்று கழற்றி வைத்திருந்தார். எஞ்சின் பொய், கேபிள் மட்டும் மெய்யாக இருக்க வேண்டுமாம். ஆகவே இருந்தது பின் பிரேக் ஒன்றுதான்.

பின் பிரேக்கின் கம்பி முனையில் ஒரு நட்டு உண்டு. அந்த நட்டின் மரை தேய்ந்திருந்தது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. நேற்று உங்களிடம் இதுவரைக்கும்தான் சொன்னேன். நீங்கள் தலையாட்டிக்கொண்டே டீ வரவழைத்தீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று எனக்குத் தெரியாது.

சரி, திருத்திக்கொள்கிறேன். வண்டியில் இருந்த நட்டு நல்ல நட்டுதான். மரை தேய்ந்த நட்டு ஆறாம் டப்பாவில் இருந்தது. திங்கட்கிழமை காலை மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தபோது நல்லதைக் கழற்றித் தேய்ந்ததை மாட்டினேன். இரண்டு நிமிஷ வேலை. லேசாகப் பிடித்தால் தாங்கும், அழுத்திப் பிடித்தால் வழுக்கிக் கழன்றுவிடும். தங்கை அப்போது ஷெட் வாசலில் வந்து, "காபி போடட்டுமாண்ணா?" என்றாள். போடு என்றேன்.

கழற்றிய நல்ல நட்டை நான் என்ன செய்திருக்க வேண்டும்? எவ்வளவோ சாக்கடை இருக்கிறது ஊரில். ஆனால் மனசு வரவில்லை. துடைத்து, எண்ணெய் தடவி, பதினாலாம் டப்பாவில் வைத்தேன். சீட்டும் எழுதினேன். 'தவளை. பின் பிரேக். நல்ல நிலை.' தேதியும் போட்டேன். நீங்கள் அந்தச் சீட்டை என்முன் நீட்டியபோது, எழுத்து அழகாக இருக்கிறதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

எனக்குத்தான் மரை கழன்றுவிட்டது என்று நீங்கள் நினைக்க வேண்டாம். நிதானமாக யோசித்துத்தான் செய்தேன். அந்த வாரம்தான் நான் காலை நடையையும் ஆரம்பித்தேன். உடம்புக்கு நல்லது என்று மாப்பிள்ளையே பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் ஆறே முக்காலுக்கு அந்தத் திருப்பத்துச் சுவரில் போய் உட்காருவேன். செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை இறக்கத்தில் மெதுவாக வந்து, கையசைத்துவிட்டுப் போனார். புதன்கிழமையும் அப்படியே. பழைய காலத்து இரும்பு, தேய்ந்தாலும் தாங்குகிறது.

வியாழக்கிழமை தாங்கவில்லை.

இறக்கத்தின் பாதியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கால்கள் இரண்டையும் தரையில் தேய்த்துப் பார்த்தார். நான் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வெறும் சுவர்மேல் வண்டி நேராக மோதினால் முன்பக்கம் நசுங்கிவிடுமே என்ற கவலையில் எழுந்து நின்றது. "தள்ளுங்க மச்சான், தள்ளுங்க" என்று கத்தினார். நான் தள்ளிக்கொண்டேன். அதற்குள் அவர் என்னைக் காப்பாற்ற ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பியதில் வண்டி சாய்ந்து தரையோடு வழுக்கிக்கொண்டு போயிற்று. அவர்தான் சுவரில் போய் மோதினார். வண்டிக்கு அவ்வளவாக அடியில்லை. இதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வண்டி படுத்துக் கிடந்தது. டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் போய் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டு போட்டேன். முன் மட்கார்டில் ஒரு நெளிவு. விளக்கில் மண். கைக்குட்டையால் துடைத்தேன்.

"மச்சான்" என்றார். நான் திரும்பினேன். பேச முடிந்தது அவரால். "வண்டிக்கு என்னாச்சு?"

"முன் மட்கார்டு மட்டும்தான் மாப்பிள்ளை. தட்டி எடுத்துடலாம்."

"உங்களுக்கு அடி படலியே?"

"இல்ல."

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டார். சுற்றிலும் பார்த்தேன், தண்ணீர் இல்லை. தொட்டிவரை போனால் கிடைத்திருக்கும், ஆனால் அவரைத் தனியாக விட்டுப் போவது முறையில்லை. அந்தச் சாலையில் அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் கிடையாது. என் சட்டைப்பையில் கைப்பேசி இருந்தது. அதை எடுத்து மணி பார்த்தேன். ஏழு பத்து. பிறகு சுவரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹேண்டில்பார் கோணலாக இருந்ததால் இடையில் ஒருமுறை எழுந்து நேராக்கினேன். ஏழு ஐம்பதுக்கு மறுபடியும் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சந்து வழியாக வீட்டுக்கு வந்து, காலைச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவும்போது தங்கை போன் செய்தாள்.

அவளை இதில் எங்கேயும் இழுக்காதீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருப்பாராண்ணா?" என்றாள். "இல்லம்மா, உடனே போயிருக்கும்" என்றேன். அவளுக்கு அது பெரிய ஆறுதல். இந்தத் தாளை அவள் கண்ணில் காட்டாமல் இருந்தால் நல்லது.

விபத்து என்று எழுதி நீங்களும் முடித்துவிட்டீர்கள். பதினாறாம் நாள் வண்டியைத் தங்கையிடம் ஒப்படைத்தார்கள். அவள் அதைப் பார்க்கவே மாட்டேன் என்றாள். "நீயே வெச்சுக்கோண்ணா. அவருக்கும் அதான் சந்தோஷமா இருக்கும்" என்றாள். நான் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவள் சொல்லவில்லை, ஆகவே வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கே அந்தச் சாதாரண எஞ்சினைக் கழற்றி வீசினேன். வீசவில்லை, இருபத்திரண்டாம் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மாப்பிள்ளை போட்ட ஓட்டைகளை அடைத்தேன். என் எஞ்சினைச் சாக்கிலிருந்து எடுத்து ஏற்றினேன். நாலு போல்ட்டும் கையாலேயே உள்ளே போயின, தாய்மடிக்குக் குழந்தை போகிற மாதிரி. ஒரே மிதி. ஊர் முழுக்க அந்தப் புகை. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். "சேஸும் 219, எஞ்சினும் 219" என்று ஒருவர் குனிந்து குனிந்து பார்த்தார். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் அப்படிக் கை கொடுத்ததில்லை.

அடுத்த வாரம் நீங்கள் வந்தீர்கள். கையில் விபத்து நடந்த அன்று எடுத்த போட்டோ. உங்கள் அப்பாவிடமும் ஒரு மொபெட் இருந்ததாம், சின்ன வயதில் டேப்பை மூட மறந்து அடி வாங்கியிருக்கிறீர்களாம். அதைச் சொல்லிவிட்டுத்தான் போட்டோவில் விரலை வைத்தீர்கள். சுவரோரம் மனுஷன் கிடக்கிறார், வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது. முதலில் பார்த்த குப்பை லாரி டிரைவர் வண்டியைத் தொடவே இல்லை என்கிறார். "சரி, நிறுத்தினதாவது வேற யாரோன்னு வெச்சுக்குவோம். பெட்ரோல் டேப்பை மூடினது யார் பெரியவரே?"

எனக்கு மூடிய ஞாபகமே இல்லை. இப்போதும் இல்லை. ஆனால் போட்டோவில் மூடித்தான் இருந்தது. ஒழுங்காக, கடைசிவரை திருப்பி. "மூடாம எப்படி சார் விடறது, கார்புரேட்டர் நிரம்பிடுமே" என்றேன். நீங்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

ஆம், மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எதற்காக என்பதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். பொறாமை என்று எழுதினால் பொய்யாகிவிடும். எனக்கு அவர்மேல் ஒரு நாளும் பொறாமை இருந்ததில்லை. சேர்ந்து பிறந்த இரண்டு, முப்பது வருஷம் ஒன்று சலவைக் கடையிலும் ஒன்று காயலான் கடையிலுமாகப் பிரிந்து கிடந்தன. ஒன்று அவர் கைக்கு வந்தது, மற்றது என் கைக்கு வந்தது. சேர்த்துவைக்க அவர் மனசு இடம் கொடுக்கவில்லை. நான் சேர்த்துவைத்தேன். நடுவில் ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

இன்று காலை நீங்கள் கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அந்த எஞ்சின் நிஜமாகவே அந்த வண்டியோடதுதானா என்று. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறது, பதில் வர ஒரு மாதம் ஆகும் என்றும் சொன்னீர்கள். இதற்காக அரசாங்கத்தைக் காக்கவைப்பானேன். காயலான் கடையில் நான் எடுத்தபோது அந்த எஞ்சினில் எண்ணே கிடையாது. இரண்டு, ஒன்று, ஒன்பது என்று மூன்றையும் அன்றைக்கு மத்தியானம், மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தபோது, நான்தான் குத்தினேன்.